ஜனவரியிலிருந்து ஓர் ஆள் படுக்க இடம்

“13.8.1995, ஞாயிறு. அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல். நீங்கள் பேப்பரில் எழுதியதை நாங்கள் வாசித்தோம். உங்கள் பிள்ளை போய்ச் சேர்ந்ததா?”

இப்படித் தொடங்கும் ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. சரியாகச் சொன்னால், அனுப்பிய கடிதம் அல்ல, அதற்கு முன் எழுதிப் பார்த்தது. நான்காம் ஆண்டுக் கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கங்களில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, பென்சிலில் எழுதியது. கையெழுத்து என்னுடையது. சொற்கள் என் அம்மாவுடையவை. எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் மலேசியாவில், மலாக்கா மாநிலத்துப் பெம்பானிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் இருந்தோம். அம்மா பாலுக்கு மரம் சீவினாள். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். நான் ஒரே பிள்ளை.

எதற்கும் தேதி போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு அந்தக் கடிதத்திலிருந்துதான் வந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகிவிடும். ஆனால் தேதி கிழிந்துபோன ஒரு காகிதம் ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டுதான் பார்த்தேன்.

காகிதம் வந்தது நெத்திலிக் கருவாட்டைச் சுற்றிக்கொண்டு. வாரத்தில் இரண்டு நாள் ஒரு சீனர் வேனில் மீனும் காய்கறியும் கொண்டுவருவார். கருவாட்டைப் பழைய பேப்பரில் சுற்றித் தருவார். எந்த மொழிப் பேப்பர் என்று அவர் பார்ப்பதில்லை. தமிழ்ப் பேப்பர் வந்த நாள் அம்மாவுக்கு நல்ல நாள். கருவாட்டை டின்னில் கொட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் தலைகளை உதறி, காகிதத்தைத் தொடையில் வைத்து நீவிவிட்டு, மேலிருந்து கீழ்வரை வாசிப்பாள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், உதடு அசையும். மரண அறிவிப்பு, வாடகை வீட்டு விளம்பரம், பாதியில் கிழிந்த சமையல் குறிப்பு எல்லாம் ஒன்றுதான். எழுத்து இருக்கும் எதையும் அம்மா வாசிக்காமல் எறிந்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை வந்த காகிதத்தில் ஒரு கவிதை இருந்தது. ஞாயிற்றுப் பதிப்பின் ஒரு பக்கம். மேலே பத்திரிகையின் பெயரில் பாதி இருந்தது. தேதி இருக்க வேண்டிய மூலை இல்லை. கவிதையின் அடியிலும் கிழிசல். எழுதியவர் பெயர் போய்விட்டது. எந்த ஊரிலிருந்து எழுதினார் என்ற இடத்தில் ‘லிருந்து’ மட்டும் மிஞ்சியிருந்தது.

கவிதை பதினெட்டு வரி. ஒரு தாய் தன் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துப்போகிறாள். ஊரில் சண்டை. படகில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருக்கிறது. துணி மூட்டையைக் கொடுத்து ஏற்றிவிடுகிறாள். படகு போன பிறகுதான் சீப்பு வைக்க மறந்துபோனது நினைவுக்கு வருகிறது. கடைசி இரண்டு வரி எனக்கு இன்றும் மனப்பாடம்:

மழை வந்தால்
உன் தலையை யார் துவட்டுவார்.

பின்னாளில் போரையும் ஊர்விட்டுப் போவதையும் பற்றிய கவிதைகளைத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். இத்தனை வாசித்ததில் ஒன்று கவனித்தேன். பெரும்பாலும் பேசுகிறவர்கள் போனவர்கள். விட்டுவந்த கிணறு, பூட்டிவந்த கதவின் சாவி, பாதி விளைந்த தோட்டம். அம்மா அவற்றில் வாசலில் நிற்பாள், கை அசைப்பாள். அவளுக்கு இரண்டு மூன்று வரிக்கு மேல் கிடைப்பதில்லை. நெத்திலிக் காகிதத்தில் வந்ததோ அனுப்பியவள் பேசுவது. அதில் போர் என்ற சொல்லே கிடையாது. சீப்பு இருந்தது, மழை இருந்தது. அந்த வகையில் இன்னொன்று என் கண்ணில் அதிகம் படவில்லை.

பத்து வயதில் இதெல்லாம் தெரியாது. அம்மா அதை மூன்று முறை வாசித்தாள் என்பது மட்டும் தெரியும். மூன்றாம் முறை உதடு அசையவில்லை. பிறகு சோற்றுப்பருக்கையைத் தேய்த்து, அடுப்படிப் பலகைச் சுவரில் ஒட்டினாள்.

அப்பா வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தார்.

“என்னா புள்ள, கருவாட்டுக் கணக்கா?”

“ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பிள்ளைய படகுல ஏத்திவிட்டுட்டு அழுவுறாங்க.”

அப்பா வாசித்தார். “கவிதை லா இது. சிலோன் பக்கமா இருக்கும்.”

“பாவம். பதில் போடணும்.”

“கவிதைக்கு யாராச்சும் பதில் போடுவாங்களா?”

“கேள்வி கேட்டிருக்காங்கள்ல. யாரு துவட்டுவான்னு. கேட்டா பதில் சொல்ல வேணாமா?”

அப்பா கிழிந்த மூலையைத் தொட்டுக் காட்டினார். “இது எப்ப வந்த பேப்பரோ. அந்தப் பிள்ளை இந்நேரம் கல்யாணம் கட்டி, பேரப்பிள்ளை எடுத்திருக்கும்.”

“அப்ப யாரோ துவட்டிவிட்டிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கலாமே” என்றாள் அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டு குளிக்கப் போனார். ஆனால் மறுநாள் பெம்பானிலிருந்து வரும்போது கோடு போட்ட கடிதத் தாளும் ஓர் உறையும் வாங்கிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுத உட்கார்ந்தோம். பள்ளியில் நட்புக் கடிதம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி. அமைப்பு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதலில் தேதி போட்டேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிவிட்டு உரக்கப் படித்தேன். அம்மா முகத்தைச் சுளித்தாள்.

“அவங்க சண்ட நடக்குற ஊருல இருக்காங்க. நலமான்னா கேப்ப?”

“வாத்தியார் அப்படித்தான் எழுதச் சொன்னாரு. இல்லன்னா மார்க் இல்ல.”

“சரி, இருந்துட்டுப் போவட்டும்.”

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, சொந்தமில்லை, அம்மாவோடு ஒரே நிரையில் மரம் சீவுகிறவர், கதவில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“புழுங்கலரிசி ஒத்துக்குமா, பச்சரிசிதான் வேணுமான்னு கேட்டு எழுதுடி” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு என்ன தோன்றியதோ, அம்மாவிடம், “ஏன் தங்கச்சி, இந்தக் கடுதாசிய எழுத இவதான் ஆம்புட்டாளா ஒனக்கு?” என்றார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பெரியம்மா வெற்றிலையைத் துப்பப் போனவர் திரும்பி வரவில்லை.

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். கணிதப் புத்தகத்தில் இருப்பது அப்படியே: “பிள்ளையைப் படகில் ஏற்றும்போது என்ன சொல்லி ஏற்றினீர்கள்? பிள்ளை அழுததா? நீங்கள் அழுததைப் பிள்ளை பார்த்ததா? முன்கூட்டியே சொன்னீர்களா, அன்றைக்குத்தான் சொன்னீர்களா, எது நல்லது? சீப்பு வைக்க மறந்ததாக எழுதியிருந்தீர்கள். வேறு என்ன வைக்க மறந்தீர்கள்? எத்தனை நாள் கழித்து உங்களுக்குச் சோறு இறங்கியது?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு கடிதத்தில் இத்தனை கேள்வி இருக்கக்கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு அடுத்ததைச் சொன்னாள்.

“உங்கள் பிள்ளைக்குப் போன இடத்தில் சரிப்படவில்லை என்றால் இங்கே அனுப்பலாம். வீடு சின்னதுதான். ஜனவரியிலிருந்து ஓர் ஆள் படுக்க இடம் உண்டு. மலாக்கா பஸ் ஸ்டேஷனில் இறங்கி பெம்பான் பஸ் ஏற வேண்டும். தோட்டத்துச் சந்தியில் நான் வந்து நிற்பேன். தலையை நான் துவட்டிவிடுவேன்.”

பென்சில் நின்றது. “அந்தப் பிள்ளை இங்க வருமா?”

“வந்தா வரட்டுமே.”

“எங்க படுக்கும்?”

“இடமா இல்ல” என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். “எழுதும்மா.”

எங்கள் வீட்டில் ஓர் ஆள் படுக்க ஒரே இடம்தான் உண்டு. ஜன்னலுக்குக் கீழே, என் பாய். அதை நான் அளந்து பார்க்கவே வேண்டியதில்லை. ஜனவரியில் அம்மா அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று யோசித்தேன். என்னை நகர்த்திப் படுக்கச் சொல்வாள், அந்தப் பிள்ளை சுவரோரம், நான் வெளியே. என் தட்டில் இருக்கும் முட்டை பாதியாகும். அந்தப் பிள்ளைக்குப் படகு, மழை, சண்டை எல்லாம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? நான் நாள்தோறும் சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால் அம்மா அடுப்படியிலிருந்தே துண்டை வீசுவாள். “நீயே துவட்டிக்க பாப்பா, அம்மாவுக்கு நேரமில்ல.” இது நடந்துகொண்டிருந்த காலம் அது. முகம் தெரியாத பிள்ளைக்குத் துவட்ட மட்டும் நேரம் இருக்கிறது.

மத்தியானம் பேனாவில், நல்ல தாளில், அழகாக எடுத்து எழுதினேன். அம்மா உலை இறக்கப் போனாள். ‘இப்படிக்கு’ என்பதற்கு மேலே ஒரு விரல்கடை வெற்றிடம் இருந்தது. அவள் திரும்புவதற்குள் அங்கே பொடி எழுத்தில் எழுதினேன்:

“அக்கா, எங்கள் வீட்டில் இடம் இல்லை. நான் இருக்கிறேன். என் தலையைத் துவட்டவே அம்மாவுக்கு நேரமில்லை.”

இந்த வரி கணிதப் புத்தகத்தில் இல்லை. ஆகவே ஆவணம் என்று எதையும் காட்ட முடியாது. என் நினைவு ஒன்றே சான்று. மையை ஊதிக் காயவைத்து, தாளை மூன்றாக மடித்து வைத்துவிட்டேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “முடிஞ்சுதா?” என்றாள். “முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். சிறிது நேரம் கழித்து எட்டிப்பார்த்தபோது உறை சோற்றுப்பருக்கையால் ஒட்டப்பட்டு, காயட்டும் என்று அம்மிக்கல்லுக்கு அடியில் இருந்தது. அம்மா அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா சும்மா உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். மறுநாள் அவர் அதன்மேல் பத்திரிகை அலுவலக முகவரியை எழுதி, லாரியில் எடுத்துப்போய்ப் பெம்பானில் தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

பதில் வரவில்லை. நான் அதற்காகவே காத்திருந்தவள் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆனால் வீட்டில் ஏற்பாடுகள் நடந்தன. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்பா ஜாசினிலிருந்து ஒரு நீல நிறத் தகரப் பெட்டி வாங்கிவந்தார். யாருக்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றார். தீபாவளிக்கு எனக்கு ஒரு கவுன்தான் எடுப்பார்கள். அந்த ஆண்டு மூன்று எடுத்தார்கள். இரண்டைப் பெட்டிக்குள் வைத்தாள் அம்மா. என்மேல் வைத்து அளவு பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

“அதுக்கும் என் அளவுதானா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும். வளர்ற பிள்ள.”

புதுத் துண்டு ஒன்று போயிற்று. சோப்புப் பெட்டி போயிற்று. சீப்பு இரண்டு போயின. ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கும் என்றாள். முன்பின் தெரியாத அந்தப் பிள்ளைமேல் எனக்கு வந்த ஆத்திரத்தில், ஒரு சீப்பின் இரண்டு பற்களை ஒடித்துவிட்டு மறுபடியும் உள்ளேயே வைத்தேன்.

பள்ளி விடுமுறை முடியப்போகும் நேரம். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். புக்கிட் பெருவாங்கில் அத்தை வீடு இருக்கிறது. அத்தைக்குப் பெண் பிள்ளை இல்லை. டவுன் பள்ளியில் எல்லாப் பாடத்துக்கும் வாத்தியார் இருக்கிறார். தோட்டத்துப் பள்ளியில் மூன்று வகுப்புக்கு ஒருவர்தான். நான் ஐந்தாம் ஆண்டை அங்கே படிக்கப்போகிறேன். ஜூன் மாதத்திலேயே பேசி முடித்தாயிற்று. விடுமுறைக்கு விடுமுறை வரலாம்.

அப்பா சொல்லி முடிக்கும்வரை அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே சொல்வதா, அன்றைக்குச் சொல்வதா என்ற கேள்விக்கு யாரிடமிருந்தும் பதில் வராததால், இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைப் பிடித்திருக்கிறார்கள் போல.

எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை வரப்போகிறது. அதற்காகத்தான் என்னை அனுப்புகிறார்கள். ஜனவரி என்று அம்மா சொன்னது சரியாக இருந்தது. கணக்கு இடித்த இடமே இல்லை.

31.12.1995, ஞாயிறு. அந்த நீலப் பெட்டியோடு சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு வேறு பெட்டி இல்லை என்பதால் இரவல் தந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பா என்னோடு வருவதாக இருந்தது. அம்மா சந்தியோடு நின்றுகொள்வதாக இருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “நா வந்தா சரிப்படாது லா” என்று அப்பாவிடம்தான் சொன்னாள். அந்தப் பிள்ளை வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா என்று நான் நினைத்துக்கொண்டேன். தூறல் பிடித்து, பஸ் நிறுத்தத்துக்கு ஓடுவதற்குள் நனைந்துவிட்டோம். அம்மா பெட்டியைத் திறந்து அந்தப் புதுத் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

“அது அந்தப் பிள்ளையோட துண்டு” என்றேன்.

அம்மா நிறுத்தவில்லை. பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. “பஸ்ஸு வந்திருச்சு” என்றார் அப்பா.

“நிக்கும். நேரமிருக்கு” என்றாள் அம்மா. “நேரமிருக்கு, நேரமிருக்கு.” துண்டுக்குள் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

“அது எப்ப வரும்?” என்று பஸ்ஸில் கால் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“எது?”

“அந்தப் பிள்ள.”

“மார்ச் லீவுக்கு வரும்” என்றாள் அம்மா.

அத்தை வீட்டில் பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்தேன். புதுப் பெட்டியின் அடியில் பேப்பர் விரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். துரு துணியில் ஏறாது. விரித்திருந்தது அடுப்படிச் சுவரில் இருந்த காகிதம். சோறு காய்ந்த நான்கு தடங்களோடு, கவிதை மேலே தெரியும்படி. என் பெட்டிக்குள்ளும் அந்தப் பிள்ளையா என்று தோன்றியது. காகிதத்தை எடுத்துக் கவிழ்த்துப் போட்டேன். பின்பக்கத்தில் ஒரு நெய் விளம்பரம் இருந்தது. இரண்டு ஆண்டு அந்த நெய் டின்னைப் பார்த்துக்கொண்டே துணி எடுத்தேன். பிறகு அத்தை வீட்டுக்குச் சாயம் அடித்தபோது பெட்டியைக் காலி செய்து காகிதத்தைக் குப்பையில் போட்டேன். நானேதான் போட்டேன்.

மார்ச் விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனபோது முதலில் ஜன்னலடியைப் பார்த்தேன். என் பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. மேலே தூசி இல்லை. வேறு பிள்ளையின் துணி எதுவும் கொடியில் தொங்கவில்லை. என் பொடி எழுத்துக் கடிதம் வேலை செய்துவிட்டது, படகு திரும்பிப் போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்று அம்மா நெத்திலி வறுத்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு தானும் இரண்டு தட்டு சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து எட்டிப்பார்த்து, “இன்னிக்குத்தான் சோறு எறங்குது போல” என்றார். அது எனக்குப் பேச்சோடு பேச்சாகப் போயிற்று.

அந்த ஆண்டுகளை இப்போது திரும்பப் பார்த்து எழுதும்போது சிலவற்றைச் சரிபார்க்க முயன்றேன். பத்திரிகை அலுவலகத்தில் கேட்டேன். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று தெரியாமல் ஒரு கவிதையைத் தேட முடியாது என்றார்கள். நியாயம்தான். எழுதியவர் யார், ‘லிருந்து’ என்பதற்கு முன்னால் இருந்த ஊர் எது, அந்தப் பிள்ளை கரைசேர்ந்ததா, எதுவும் தெரியவில்லை. கடிதம் அங்கே போய்ச் சேர்ந்ததற்கும் தடயம் இல்லை.

அம்மா இப்போது என்னோடு புக்கிட் காத்திலில் இருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளைக்கூட முழுவதும் வாசிக்கிறாள். ஒருநாள், அந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் பிரித்துப் படித்தாயா என்று கேட்டேன். “எந்தக் கடுதாசி?” என்றாள்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். 13.8.1995 வரை குளித்துவிட்டு வந்தால் துண்டு பறந்து வரும். அடுத்த நாளிலிருந்து, அடுப்பில் என்ன கொதித்தாலும், தீயைக் குறைத்துவிட்டு அம்மா எழுந்து வந்தாள். டிசம்பர் 31 வரை ஒரு நாள்கூட என் தலையை நான் துவட்டவில்லை. இது தற்செயலாகவும் இருக்கலாம். அவள் அந்த வரியை வாசித்தாளா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.